நூறு நாள் கடிதங்கள் எங்கே?

"தம்பி, சாஃப்ட்வேர போட்டு ஓடவிட்டுட்டுப் போங்க. விடியறதுக்குள்ள மெயில் எல்லாம் புது சிஸ்டத்துக்குப் போயிருமில்ல?"

மாத்தளை நகரத்தில், வாசனைத் திரவியம் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் என்னிடம் இப்படித்தான் கேட்டார்கள். நானும் தலையாட்டினேன். மொத்தம் முப்பத்தெட்டு மின்னஞ்சல் பெட்டிகள். பழைய சேர்வரிலிருந்து கிளவுட்டுக்கு மாற்ற வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு மென்பொருளை நிறுவி, கடவுச்சொற்களைக் கொடுத்து ஓடவிட்டேன். காலையில் திரையில் ‘100 வீதம் முடிந்தது’ என்றிருந்தது. அன்றைக்கே பழைய சேர்வரை அழித்தோம்.

மூன்று கிழமை கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. வேலையை விட்டுப் போன ஒரு அக்காவின் பெட்டி பட்டியலிலேயே இருக்கவில்லை. மிளகும் கறுவாவும் வாங்கிய வெளிநாட்டுக்காரர்களோடு அவர் ஐந்து வருடம் பேசிய விலை, ஒப்புதல் எல்லாம் அதோடு போனது. மென்பொருள் பொய் சொல்லவில்லை. நாங்கள் கொடுத்த பட்டியலை அது 100 வீதம் முடித்தது. பட்டியல்தான் பிழை.

இதை என்னுடைய வெட்கக் கதையாக மட்டும் விட்டுவிடலாம். ஆனால் இதைவிடப் பெரிதாக ஒரு நாடே தொலைத்தது. அதைப்பற்றி நாம் சத்தமாகப் பேசவேயில்லை.

2023 ஆகஸ்ட் மாதம் இலங்கை அரச கிளவுட்டுக்குள் கப்பம் கேட்கும் வைரஸ் புகுந்தது. gov.lk என்பதைத் தமிழில் வாசித்தால் ‘கவ் டொட் எல்கே’. அந்த முகவரியில் இயங்கிய சுமார் 5,000 பெட்டிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. சேர்வரை சில மணித்தியாலங்களில் எழுப்பிவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் திரும்பி வரவேயில்லை. அந்தக் காலத்துக்கு வெளியே எடுத்து வைத்த பிரதி எதுவும் இல்லை. உள்ளே இருந்த பிரதியையும் வைரஸ் பூட்டிவிட்டது. நூறு நாள், அப்படியே போச்சு.

அந்த சேர்வரில் ஓடியது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை அந்த நிறுவனம் 2023 ஏப்ரல் 11ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. புதிய பதிப்புக்கு மாற்றும் திட்டம் 2021 முதலே இருந்தது. நிதி இல்லை, முந்தைய நிர்வாக சபை எடுத்த முடிவுகள் என்று பொறுப்பான முகவர் நிலையம் விளக்கம் சொன்னது.

நான் அவசரமாக மாற்றித் தொலைத்தேன். அரசாங்கம் மாற்றாமல் இருந்தே தொலைத்தது. இரண்டுக்கும் ஒரே நோய்: மெயிலை ஒரு மெஷின் வேலையாக நினைப்பது.

"வங்குரோத்தான நாட்டில இதுக்கெல்லாம் எங்க காசு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சரி, புது சேர்வருக்குக் காசில்லை என்றே வைப்போம். வாரம் ஒருமுறை பிரதி எடுத்து, வயரைக் கழற்றி, அலுமாரியில் பூட்டி வைக்க எவ்வளவு செலவு? பணம் இருந்தாலும் இந்தப் புத்தி வராது என்பதற்கு தென் கொரியா சாட்சி. 2025 செப்டம்பர் 26 அன்று அங்கே டேஜோன் நகரத்தின் அரச தரவு நிலையம் தீப்பிடித்தது. அரச ஊழியர்களின் கோப்புகள் 858 டெராபைட் எரிந்து போயின. வேறு இடத்தில் பிரதி இல்லை. பணக்கார நாடுதானே அது?

எங்களுக்கு இதில் என்ன என்று கேட்கிறீர்களா? அந்த நூறு நாளில் எல்கடுவப் பக்கத்து லயத்திலிருந்து ஒருவர் காணிக்கோ, வீட்டுக்கோ, தண்ணிக்கோ ஒரு முறைப்பாட்டை அந்தப் பெட்டிகளில் ஒன்றுக்கு அனுப்பியிருந்தால், இன்று அவருக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "அப்படி ஒண்ணும் வரல்லியே." கச்சேரியில் தொலைந்த கடுதாசிக்கு ஒரு பதிவேடாவது இருக்கும். தொலைந்த மெயிலுக்கு அதுவும் இல்லை.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம், தகவல் எது என்று எண்ணும்போது மின்னஞ்சலையும் பெயர் சொல்லியே சேர்க்கிறது. புதிதாக உருவாகும் பதிவுகளைக் குறைந்தது 12 வருடம் பாதுகாக்க வேண்டும் என்கிறது. சட்டம் கேட்டது 12 வருடம். இவர்களால் நூறு நாள் கூட முடியவில்லை.

அப்படியென்றால் தயாரிப்பு என்பது என்ன? மென்பொருளை நிறுவுவது அரை மணித்தியால வேலை. அதற்கு முன்னால் செய்வதுதான் உண்மையான வேலை. எத்தனை பெட்டி, யாருடையது, விட்டுப்போனவர்களுடையது எங்கே, பலர் சேர்ந்து பாவிப்பது எது என்று கையால் பட்டியல் எழுதணும். பிரதி எடுக்கணும், எடுத்தால் மட்டும் போதாது, அதிலிருந்து ஒரு பெட்டியை மீட்டுப் பார்க்கணும். மெயில் எந்த சேர்வருக்குப் போகவேண்டும் என்று உலகத்துக்குச் சொல்லும் எம்எக்ஸ் பதிவின் காலக்கெடுவை முன்கூட்டியே குறைக்கணும். இல்லாவிட்டால் முகவரி மாறிய பிறகும் கடிதங்கள் பழைய வீட்டுக் கதவையே தட்டும். இரண்டு மூன்று பெட்டிகளை முதலில் மாற்றிப் பார்க்கணும். எல்லாம் முடிந்த பிறகும் பழையதை ஒரு மாதமாவது அழிக்காமல் வைக்கணும்.

தமிழருக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கடிதங்கள், இடம் மாறும்போது எழுத்துருவை இழந்தால், வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகக் கிடக்கும். தமிழில் பெயரைத் தட்டித் தேடினால் அகப்படாது. இருந்தும் இல்லாத கடிதம் அது. ஆகவே சோதனைக்கு எடுக்கும் பெட்டியில் தமிழ்க் கடிதம் இல்லாவிட்டால், அது சோதனையே இல்லை. இதை சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் வேலை செய்யும் தொழில்நுட்பக்காரர் நமக்காக ஞாபகம் வைத்திருக்கப் போவதில்லை.

புலம்பி முடிக்க எனக்கு விருப்பமில்லை. உக்குவெலயோ ரத்தோட்டையோ, உங்கள் பிரதேச செயலகத்துக்கு ஒரு தகவல் கோரிக்கை எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். மூன்று கேள்வி போதும். 2023 மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான உங்கள் மின்னஞ்சல்கள் இருக்கின்றனவா? இப்போது பிரதி எங்கே வைக்கப்படுகிறது? அந்தப் பிரதியிலிருந்து கடைசியாக எப்போது ஒரு பெட்டியை மீட்டுப் பார்த்தீர்கள்?

14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். வரும் பதிலை மெயிலில் மட்டும் வைத்திருக்காதீர்கள். அச்சடித்து வையுங்கள்.