சேமித்த இணைப்புகளைச் சீர்படுத்துவோம்

இணையத்தில் பயனுள்ள பக்கம் ஒன்றைக் காண்கிறோம். “பிறகு படிக்கலாம்” என்று எண்ணி, உலாவியில் உள்ள நட்சத்திரக் குறியை அழுத்துகிறோம். இவ்வாறு சேமிக்கப்படும் முகவரியே புத்தகக்குறி எனப்படும். சேமிப்பதற்கு ஒரு நொடி போதும். ஆனால், சேமித்தவற்றை மீண்டும் திறந்து பார்ப்பவர் எத்தனை பேர்? அவ்வப்போது சீர்படுத்தாத சேமிப்பால் பயனில்லை என்பதே என் கருத்து.

இதை நான் பட்டறிவால் உணர்ந்தேன். என் பாட்டி சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். அத்தோட்டம் இன்று இல்லை. லயங்கள் இருந்த இடத்தில் செம்பனை வளர்கிறது. அங்கு வாழ்ந்த ஒருவர் பெரட்டுக்களம், கோயில், தமிழ்ப்பள்ளி ஆகியவற்றின் பழைய படங்களைத் தம் வலைப்பக்கத்தில் வெளியிட்டிருந்தார். நான் அதைப் புத்தகக்குறியாகச் சேமித்தேன். சில ஆண்டுகளுக்குப் பின், ஈப்போவில் உள்ள என் வீட்டிற்கு வந்த பாட்டி அப்படங்களைப் பார்க்க விரும்பினார். என் கணினியில் அறுநூறுக்கும் மேற்பட்ட இணைப்புகள் வரிசையின்றிக் கிடந்தன. பலவற்றின் பெயர் ‘முகப்பு’ என்றே இருந்தது. ஒருவாறு தேடிக் கண்டுபிடித்து அழுத்தினேன். “பக்கம் கிடைக்கவில்லை” என்ற அறிவிப்பே வந்தது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டார்.

நான் சேமித்தது முகவரியை மட்டுமே, படங்களை அன்று. வீட்டு முகவரியை எழுதி வைத்திருந்தால் மட்டும் வீடு இடிபடாமல் இருந்துவிடுமா? இவ்விழப்பு எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2013ஆம் ஆண்டில் இருந்த இணையப் பக்கங்களுள் 38 விழுக்காடு பத்தாண்டுகளில் காணாமற்போய்விட்டதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் தெரிவித்தது. தனிமனிதர்கள் உருவாக்கிய ஏராளமான பக்கங்களைக் கொண்டிருந்த ஜியோசிட்டீஸ் தளத்தை யாஹூ நிறுவனம் 2009இல் மூடியது.

“தேடுபொறி இருக்கும்போது இணைப்புகளை அடுக்கி வைப்பானேன்?” என்று சிலர் கேட்கலாம். பேருந்து நேரம், சொற்பொருள் போன்றவற்றுக்கு இக்கூற்றுப் பொருந்தும். அத்தகைய இணைப்புகளைத் தயங்காமல் நீக்கலாம். ஆனால், ஒரு சிறிய தோட்டத்தைப் பற்றி ஒருவர் மட்டுமே எழுதிய பக்கம் தேடலில் எளிதில் முன்வருவதில்லை. அது மறைந்துவிட்டால், எந்தத் தேடுபொறியாலும் அதைத் திறந்து காட்ட இயலாது.

ஆகவே மாணவர்களே, ஒவ்வொரு பள்ளி விடுமுறையிலும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில், பழைய இணைப்புகளைத் திறந்து பார்த்து, வேண்டாதவற்றையும் இருமுறை சேமித்தவற்றையும் நீக்குங்கள். அடுத்து, எஞ்சியவற்றை ‘பாடம்’, ‘வரலாறு’, ‘குடும்பம்’ எனச் சில கோப்புறைகளில் பிரித்து வையுங்கள். எதற்காகச் சேமித்தீர்கள் என்பது விளங்கும்படி நீங்களே பெயரிடுங்கள். இழக்கக்கூடாத பக்கத்தைப் பிடிஎஃப் கோப்பாகவும் சேமியுங்கள். 1996இல் தொடங்கப்பட்ட இன்டர்நெட் ஆர்கைவ் என்னும் அமைப்பு, இணையப் பக்கங்களின் படிகளைத் திரட்டிக் காத்து வருகிறது. அதன் வேபேக் மெஷின் சேவையில் முகவரியைக் கொடுத்து, நாமும் ஒரு பக்கத்தின் படியைச் சேமிக்கச் செய்யலாம். நான் இழந்த பக்கத்தை அங்கே தேடினேன். எழுத்துகள் கிடைத்தன, படங்களுள் தமிழ்ப்பள்ளியின் படம் மட்டுமே கிடைத்தது. அதை அச்சிட்டுப் பாட்டியிடம் கொடுத்தேன்.

1877இல் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. அதன் அருமை அறிந்து வேலியிட்டுக் காத்ததால்தான் நாம் அதைக் காண முடிகிறது. பேராக் மாநிலத் தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. அவற்றின் கதைகளேனும் மறையாதிருக்க, நாம் சேமித்த பக்கங்களுக்கும் வேலியிடுவோம்.