கலப்பு மேகக் கணிமைக்கு முதல் தேவை எது?

புதிய விஞ்ஞான சாதனம் ஒன்று நாட்டில் பரவும்போது, அதன் பெயர் முதலில் வந்து சேருகிறது; அதன் பொருள் தாமதித்தே விளங்குகிறது. மேகக் கணிமை என்னும் சொல் அரசாங்க அலுவலகங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் வழங்கத் தொடங்கி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. இப்பொழுது அதனுடன் 'கலப்பு' என்னும் அடைமொழியும் சேர்ந்துள்ளது. கலப்பு மேகக் கணிமைக்கு வேண்டிய அடிப்படைத் தேவைகள் எவை என்று வினவினால், பெரும்பாலோர் யந்திரங்களையும் வடங்களையும் மென்பொருளையும் வரிசைப்படுத்திக் கூறுவர். அவை அவசியமே. எனினும், அவை எல்லாவற்றிற்கும் முன்னதாக நிறைவேற வேண்டிய தேவை ஒன்று உண்டு. எந்த ஏடு எவ்விடத்தில் இருக்கத் தக்கது என்று ஏடுகளை வகைப்படுத்துவதே அது. தலைநகரில் அமர்ந்துகொண்டு இதனை முற்றும் செய்து முடித்தல் இயலாது. ஏடுகளை நாள்தோறும் கையாளும் களப்பணியாளரும் ஆசிரியருமே இதனைத் தொடங்கி வைக்கவேண்டும்.

கிணறும் குழாயும்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த குளத்தூர், பாறசாலைப் பகுதிகளில் வாழ்வோர்க்கு இவ்விஷயத்தை எளிதில் விளக்கலாம். கேரளத்தில் வீட்டுக்கு ஒரு கிணறு என்பது பழைய வழக்கம். அதனுடன் பொதுக் குடிநீர்க் குழாயும் பிற்காலத்தில் பல வீடுகளுக்கு வந்தது. கிணறு வீட்டாருக்குச் சொந்தமானது. அதன் நீர் எத்தகையது என்பதை அவர்கள் அறிவர். ஆயினும் கோடையில் அது வற்றக்கூடும், கடலோரத்தில் உவர்க்கவும் கூடும். குழாய் நீரோ வேண்டியபோது வேண்டிய அளவு கிடைக்கும். பயன்படுத்திய அளவுக்குக் கட்டணம் செலுத்தினால் போதும். ஆனால், அதன் மூலமும் திறப்பும் வேறொருவர் வசம் உள்ளன. இரண்டினையும் மேல்நிலைத் தொட்டியில் சேர்த்துப் பயன்படுத்தும் இல்லம், ஒன்று தவறினும் மற்றொன்றால் சமாளிக்கிறது.

கணினித் துறையிலும் நிலைமை இதுவே. ஓர் அரசாங்கமோ ஸ்தாபனமோ தனக்கென நிறுவிக்கொண்ட கணினித் தொகுதி தனி மேகம் எனப்படும். கட்டணத்துக்கு எவருக்கும் இடமும் கணிப்புத் திறனும் அளிக்கும் பெருநிறுவனங்களின் தொகுதி பொது மேகம் எனப்படும். அமெரிக்க நாட்டின் தரநிர்ணய ஸ்தாபனம் 2011-ஆம் ஆண்டு வெளியிட்ட வரையறையின்படி, தனித்தன்மை இழவாத இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மேகங்கள், விவரங்களும் பயன்பாடுகளும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லத்தக்க முறையில் பிணைக்கப்பட்டிருப்பின், அது கலப்பு மேகமாகும். இவ்வரையறையில் 'பிணைக்கப்பட்டிருத்தல்' என்பதே உயிர்நாடி. சில கோப்புகளை ஓரிடத்திலும் வேறு சிலவற்றைப் பிறிதோரிடத்திலும் தொடர்பின்றி வைத்திருத்தல் கலப்பு மேகம் ஆகாது. அது சிதறிக் கிடத்தல் மட்டுமே.

இந்தியாவில் மத்திய அரசாங்கம் மேகராஜ் என்னும் பெயரில் அரசாங்க மேகத் திட்டத்தை வகுத்தது. அதன் தேசிய மேகம் 2014 பிப்ரவரியில் தொடங்கப்பெற்றது. தேசியத் தகவலியல் மையத்தின் தரவு மையங்கள் டெல்லி, ஐதராபாத், புனே, புவனேசுவரம் ஆகிய நகரங்களில் இயங்குகின்றன. தணிக்கைக்கு உட்பட்டு அங்கீகாரம் பெற்ற தனியார் நிறுவனங்களின் மேகத்தையும் அரசாங்கத் துறைகள் பயன்படுத்தலாம் என்ற ஏற்பாடும் உள்ளது. கேரளத்திற்குத் திருவனந்தபுரத்தில் மாநிலத் தரவு மையங்கள் உள்ளன. ஆகவே, கிணறும் குழாயும் ஏற்கெனவே வந்துவிட்டன. எதற்கு எதனைப் பயன்படுத்துவது என்பதே இன்று எஞ்சி நிற்கும் பிரச்னை.

2020 கற்பித்த இரு பாடங்கள்

கேரளத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதும் மாணவர்கள் நான்கு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். ஆண்டில் ஒருநாள், சில நாழிகைக்குள், இவர்களும் இவர்தம் பெற்றோரும் ஒரே முடிவுப் பக்கத்தை நாடுகின்றனர். மற்ற நாட்களில் அப்பக்கத்தை நாடுவோர் சிலரே. அந்த ஒரு நாளுக்காக யந்திரங்களை விலைக்கு வாங்கி ஆண்டு முழுவதும் சும்மா வைத்திருத்தல் பொதுப் பணத்தை வீணாக்குவதாகும். 2020-ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிடுகையில், கைட் எனப்படும் கேரளக் கல்வித் தொழில்நுட்ப ஸ்தாபனம் மேகத்தை அடிப்படையாகக் கொண்ட தனித் தளம் ஒன்றினைப் பயன்படுத்தியது. முடிவு என்பது எப்படியும் வெளியிடப்படவேண்டிய செய்தி. நெரிசலுக்கு உரிய அதனைப் பரந்த இடத்தில் வைப்பது பொருத்தமே. மூல ஆவணமோ தேர்வுத் துறைக்கு உரியது. முடிவுத் தளம் ஒரு நாள் முடங்கினாலும் மூலத்திற்குச் சேதமில்லை.

அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வேறொரு பாடம் கிடைத்தது. கொரோனாத் தொற்றின்போது, தனிமையில் வைக்கப்பட்டோரின் உடல்நல விவரங்களைக் களப்பணியாளர் வார்டு தோறும் திரட்டினர். அவ்விவரங்கள் அயல்நாட்டு நிறுவனம் ஒன்றின் மென்பொருள் மேடையில் பதிவாயின. இது வழக்காக உருவெடுத்தது. 2020 ஏப்ரல் 24 அன்று கேரள உயர்நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. விவரங்கள் இன்னாருடையவை என்று அறியமுடியாதபடி பெயர் முதலிய அடையாளங்களை நீக்கியே அந்நிறுவனத்திற்கு அளிக்கவேண்டும் என்றும், விவரம் தருவோர்க்கு இதனை அறிவித்து அவர்தம் சம்மதத்தைப் பெறவேண்டும் என்றும் நீதிமன்றம் பணித்தது.

இரு நிகழ்ச்சிகளிலும் கையாளப்பட்ட தொழில்நுட்பம் ஏறத்தாழ ஒன்றே. ஒன்றில் வெளியிடத்தக்க செய்தி வெளியே சென்றது. மற்றொன்றில் மனிதர்களின் அந்தரங்கம் சென்றது. வீட்டு வாசலில் நின்று கேள்வி கேட்டவர் களப்பணியாளர். மக்கள் நம்பியதும் அவர் முகத்தைத்தான். தாம் திரட்டும் விவரம் எங்குச் செல்கிறது என்பதை அவர் அறிந்திருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

ஒன்றையே நம்புவதால் வரும் ஆபத்து

அந்தரங்க விவரங்களுக்கு அஞ்சி, எல்லாவற்றையும் சொந்தக் கட்டடத்திற்குள்ளேயே பூட்டி வைத்தால் போதுமா? 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜோன் நகரிலுள்ள அரசாங்கத் தரவு மையத்தில் மின்கலங்களால் தீ மூண்டது. அதன் விளைவாக நூற்றுக்கணக்கான அரசாங்கப் பயன்பாடுகள் நின்றுபோயின. அரசாங்க ஊழியர்கள் தம் அலுவல் கோப்புகளைச் சேமித்து வந்த சேமிப்பகம் 858 டெராபைட் விவரங்களுடன் அழிந்தது. வேறிடத்தில் அதற்குப் பிரதி இல்லை. கணினித் துறையில் முன்னணியில் நிற்கும் நாட்டிலேயே இது நிகழ்ந்தது.

வெளி நிறுவனத்தை மட்டும் நம்புவதும் அத்தகையதே. 2024 மே மாதத்தில் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்னும் ஓய்வூதிய நிதியின் கணினித் தொகுதி, அதனை நடத்திவந்த கூகிள் மேகத்தில் நேர்ந்த அமைப்புப் பிழையால் அடியோடு நீக்கப்பட்டது. இரு வேறு இடங்களில் வைத்திருந்த பிரதிகளும் அதனுடனேயே நீங்கின. பிறிதொரு நிறுவனத்திடம் அந்நிதி வைத்திருந்த பிரதியே, ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினரின் கணக்குகளை மீட்க உதவியது. பிரதி இருந்தால் போதாது. மூலத்தை அழிக்கக்கூடிய அதே கைக்கு எட்டாத இடத்தில் அது இருத்தல் வேண்டும்.

அடிப்படைத் தேவைகள்

முதலாவது, முன்னர்க் கூறிய வகைப்படுத்துதல். ஒரு பள்ளியையே எடுத்துக்கொள்க. பாடக் காணொளி, விடுமுறை அறிவிப்பு, மாதிரி வினாத்தாள் ஆகியவை எவரும் காணத்தக்கவை. அவை பொது மேகத்தில் இருக்கலாம். வருகைப் பதிவேடு, ஆசிரியர்களின் விடுப்புக் கணக்கு ஆகியவை அலுவலகத்திற்கு மட்டும் உரியவை. தக்க காவலுடன் எங்கும் இருக்கலாம். மாணவரின் சாதிச் சான்று, ஊனம் பற்றிய மருத்துவக் குறிப்பு, ஆதார் எண், வங்கிக் கணக்கு ஆகியவை வெளிவந்தால் ஒரு குழந்தையின் வாழ்வையே பாதிக்கக்கூடியவை. அவை அரசாங்கத்தின் தனி மேகத்தை விட்டு அகலலாகாது. 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரைக் குழந்தைகளாகக் கருதி, அவர்தம் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தை வேண்டுகிறது. இம்மூன்று பிரிவுகளைச் செய்ய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை. பதிவேடுகளின் பட்டியலும் ஒரு நாள் ஆலோசனையும் போதும்.

இரண்டாவது, தடையற்ற இணைப்பு. இரு மேகங்களுக்கும் இடையேயும், அவற்றுக்கும் கிராமத்துக்கும் இடையேயும் உறுதியான பாதை வேண்டும். 2023 ஜூன் 5 அன்று தொடங்கப்பெற்ற கே-ஃபோன் கண்ணாடி இழை வலையமைப்பு, அரசாங்க அலுவலகங்களையும் பள்ளிகளையும் இணைக்கும் நோக்கம் உடையது. இருப்பினும், இணைப்பு அறுந்த நாளிலும் வேலை நடைபெற வழி வேண்டும். 2024 மார்ச்சில் மஞ்சள், இளஞ்சிவப்பு நிற ரேஷன் அட்டைதாரர்களின் கைரேகைச் சரிபார்ப்பு, சர்வர் கோளாற்றால் மாநிலமெங்கும் நிறுத்தி வைக்கப்பட்டது. கூலியை விட்டு வரிசையில் நின்றவர்க்கு, தவறு கடையிலா, வடத்திலா, தொலைதூர யந்திரத்திலா என்பது பொருட்டன்று. அன்றைய கூலி போயிற்று. விவரத்தை உள்ளூரிலேயே தற்காலிகமாகப் பதிந்து, இணைப்பு மீண்டபின் அனுப்பும் வசதி இயன்ற பணிகளுக்கெல்லாம் இருத்தல் நன்று.

மூன்றாவது, ஒருவழி அடைப்பு. கிணற்றுக் குழாயையும் பொதுக் குழாயையும் அடைப்பின்றி நேராக இணைத்தால், ஒன்றின் மாசு மற்றொன்றில் கலந்து தெருவையே கெடுக்கும். அதுபோல, இரு மேகங்களின் சந்திப்பிலும் யார் நுழையலாம், எதுவரை செல்லலாம் என்ற கட்டுப்பாடு வேண்டும். ஒவ்வொரு பணியாளருக்கும் தனிக் கடவுச்சொல் இருத்தல் இதன் பாற்பட்டது. ஓர் அலுவலகம் முழுவதற்கும் ஒரே கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டி வைக்கும் வழக்கம், எவ்வளவு சிறந்த காவலையும் பயனற்றதாக்கிவிடும். வெளியே வைக்கும் விவரங்களை மறைகுறியாக்கி, அதன் திறவுகோலை அரசாங்கமே வைத்திருத்தல் மற்றொரு காப்பு.

நான்காவது, பொதுத் தரம். எல்லைக் கிராமங்களில் இதன் அருமை நன்கு புலப்படும். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு முதலிய நான்கு வட்டங்கள் சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும் உறவு நீடிக்கிறது. தமிழ்நாட்டு வழக்கில் தந்தை பெயரின் தலையெழுத்து பெயருக்கு முன் வரும். கேரள வழக்கில் பெரும்பாலும் பின் வரும். ஒரே பிள்ளையின் பெயர் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மூன்று விதமாக எழுதப்படுகிறது. யந்திரத்திற்கு இவை மூன்று பிள்ளைகள். ஒருங்குறி எழுத்தும், மாறாத ஒரே பதிவெண்ணும், எந்நிறுவனத்தின் மென்பொருளாலும் திறக்கத்தக்க கோப்பு வடிவமும் இல்லையேல், விவரங்கள் ஒரு மேகத்திலிருந்து மற்றொன்றுக்குச் சேதமின்றிச் செல்ல மாட்டா. ஒப்பந்தம் முடிந்த அன்று விவரங்களை முழுமையாகத் திரும்பப் பெறும் உரிமையும் இத்தரத்தையே சார்ந்தது.

ஐந்தாவது, பிரதியும் ஒத்திகையும். பிரதி எடுத்தால் மட்டும் போதாது. அதிலிருந்து மீட்க முடிகிறதா என்று ஆண்டுக்கு இருமுறையேனும் சோதித்தல் வேண்டும்.

மறுப்பும் விடையும்

இரண்டு அமைப்புகளை நடத்துவது இரட்டைச் செலவன்றோ, இரு துறைகளிலும் தேர்ந்த ஆட்கள் எங்கே உள்ளனர் என்று சிலர் கேட்கின்றனர். இவ்வினா நியாயமானதே. கலப்பு முறை எப்பொழுதும் மலிவானதன்று. சந்திப்புகள் பெருகப் பெருகப் பழுதுகளும் பெருகும். பொது மேகத்தில் வைத்த விவரங்களை மொத்தமாக வெளியே எடுப்பதற்கும் கட்டணம் உண்டு. ஆதலின், ஒவ்வொரு பஞ்சாயத்தும் பள்ளியும் தனக்கென மேகம் அமைக்க முயலுதல் தகாது. தனி மேகத்தை மாநிலமும் மத்திய அரசாங்கமும் நடத்தட்டும். பொது மேகத்தை அளவறிந்து அவையே வாடகைக்கு எடுக்கட்டும். கிராமத்தின் பங்கு, தன் ஏடுகள் எவ்வகையின என்று தெளிவாகக் கூறுவதாகும். அத்தெளிவு இன்றி அமைக்கப்படும் கலப்பு மேகம் இரட்டைச் செலவும் இரட்டை ஆபத்துமாகவே முடியும். தெளிவு உள்ள இடத்திலோ, செலவு மிகுந்த காவல் சில ஏடுகளுக்கு மட்டுமே வேண்டியிருத்தலால், மொத்தச் செலவும் கட்டுக்குள் நிற்கும்.

ஆகவே, பள்ளிதோறும் அலுவலகம்தோறும் இவ்வாண்டிலேயே ஒரு பட்டியல் தயாராதல் வேண்டும். இங்கு வைத்திருக்கும் ஏடுகள் எவை. ஒவ்வொன்றும் மூன்று வகையில் எதனைச் சேரும். அது இப்பொழுது எங்கே சேமிக்கப்படுகிறது. அதன் பிரதி எங்கே உள்ளது. அழிந்தால் எத்தனை நாளைக்குள் மீட்கவேண்டும். இவ்வைந்து வினாக்களுக்கும் விடை எழுதப்பட்ட தாள் மேலதிகாரியிடம் சென்றால், யந்திரம் வாங்குவோர் அதனைக் கொண்டு திட்டமிடுவர். அத்தாள் செல்லாதாயின், விற்பவர் கூறும் திட்டமே திட்டமாகிவிடும். குளத்தூரில் ஒரு குழந்தையின் மருத்துவக் குறிப்பு எவ்விடத்தில் இருக்கவேண்டும் என்பதை, அக்குழந்தையின் பெயரை அறிந்தவர்களே முதலில் சொல்லவேண்டும்.