காட்டுவழி யாருக்கு?

இலங்கையின் தேசிய பூங்காக்களுள் மனிதன் காலால் நடத்தல் ஆகாது என்பது பொதுவிதி. ஹோர்ட்டன் சமவெளி போன்ற சில இடங்கள் இதற்குப் புறநடை. ஏனைய காடுகளிற் புகுவோர் வாகனத்திலிருந்தவாறே பார்த்து மீளவேண்டும். குறித்த இடங்களிலன்றி நிலத்தில் இறங்கல் கூடாது. இராத் தங்க விரும்புவோர் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி பெற்று, வகுத்த இடத்திற் கூடாரம் அடிக்கலாம். வார இறுதியில் யாலவுக்கும் குமணவுக்கும் சென்று ஓரிரவு கூடாரத்தில் உறங்கி வருவது நகரத்தார் பலருக்கு விருப்பமான பொழுதுபோக்காகிவிட்டது. அதில் யான் குறை காணவில்லை.

அவ்விதிக்கு ஆண்டுக்கொருமுறை நேரும் பெரும் புறநடையே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள். கதிர்காமத் திருவிழாவையொட்டி உகந்தை முருகன் கோயிலிலிருந்து காட்டுவழி திறக்கப்படுகின்றது. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து வாரக்கணக்கில் நடந்து வந்தவரும், மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் இடையிற் சேர்ந்தவரும் அங்கே கூடுகின்றனர். குமணக் காட்டைக் கடந்து, குமுக்கன் ஆற்றில் இறங்கி ஏறி, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்னும் இடங்களில் தங்கித் தங்கிக் கதிர்காமம் அடைகின்றனர்.

வழியை எந்நாளில் திறப்பது, எத்தனை நாள் திறந்துவைப்பது என்பதே வழக்கு. திறக்கும் நாள் பிந்தினால், முந்தி வந்த அடியார் உகந்தையிற் காத்துக் கிடக்க நேரும். கையிற் கொண்ட அரிசியும் காசும் அங்கேயே கரைந்துபோகும். அதிகாரிகள் கூறும் நியாயமும் தள்ளத்தக்கதன்று. யாலவின் முதலாம் பிரிவை வறட்சி காரணமாகச் செப்டெம்பரில் மூடி ஒக்டோபர் நடுவில் திறப்பது வழக்கம். அவ்வறட்சி யூன், யூலையிலேயே தலைகாட்டிவிடும். குமண வில்லிற் பறவைகள் கூடுகட்டிக் குஞ்சு பொரிப்பதும் ஏப்பிரலிலிருந்து யூலைவரையில். விலங்குகள் நம்பியிருக்கும் சில நீர்நிலைகளை அவ்வேளையில் ஆயிரக்கணக்கான மனிதரும் நாடுகின்றனர்.

அடியாரோ, பாதை முந்தியது, பூங்கா பிந்தியது என்பர். உண்மையே. யால தேசிய பூங்காவானது 1938 இல். அதன் கிழக்கே வேறொரு பூங்கா வகுக்கப்பட்டது 1970 இல். அது குமண என்னும் பெயர் பெற்றது 2006 இல். போர் காரணமாக 1985 முதல் 2003 வரை அப்பூங்கா பார்வையாளருக்கு மூடப்பட்டிருந்தது. ஆயினும் முந்தியது என்னும் ஒன்றையே பற்றிநிற்றல் வழக்காடுதற்கு உதவுமேயன்றிக் காட்டுக்கு உதவாது.

யான் இவ்வழி இருமுறை நடந்தவன். முதன்முறை எங்கள் கூட்டத்தில் இருபதின்மர். முன்னே நடந்த முதியவர் ஒருவர், பொழுது சாய்ந்தபின் நீர்நிலைக்குப் போகவேண்டாம், அது யானை வரும் நேரம் என்பார். பாலை பழுத்திருக்கும் காலம், மரத்தடியிற் படுக்கவேண்டாம், கரடி ஏறியிருக்கும் என்பார். (ஐந்திணையுள் ஒன்றான பாலையென மாணாக்கர் மயங்கற்க, பழந்தரும் பாலை மரத்தையே அவர் சொன்னார்.) மலைபடுகடாத்திலும் இத்தகைய சொற்களையே கேட்கின்றோம். பன்றிக்கு வைத்த பொறி எங்குள்ளது, பாம்பு உறையும் இடம் யாது, கால் வழுக்கும் நிலம் எது எனக் கூத்தர்க்கு எடுத்துரைத்தே அந்நூல் அவர்களை வழிப்படுத்துகின்றது.

இரண்டாம் முறை சென்றபோது அத்தகைய முதியவரைக் காணேன். பலர் உகந்தைவரை பேருந்தில் வந்து, காட்டை மட்டும் விடுமுறைக்குள் நடந்து முடிக்க விரைந்தனர். கைத்தொலைபேசிகள் பாடிக்கொண்டே சென்றன. வற்றிய குளமொன்றின் சேற்றில் யானையின் அடிச்சுவடு. அச்சுவட்டினுள்ளே சோற்றுப்பொதி சுற்றிய பொலித்தீன் தாள். அத்தாளை அரசு தடைசெய்தது 2017 செப்டெம்பர் முதலாந் திகதி.

ஒரு சிறுத்தையைச் சூழ்ந்து ஜீப்புகள் புழுதியெழ மொய்ப்பதினும் வெறுங்காலால் நடப்பது காட்டுக்குத் தீங்கு குறைந்தது என்றே யான் கருதிவந்தேன்; இன்றும் கருதுகின்றேன். ஆனால் விரதமும் அடக்கமும் நீங்கின், பாதயாத்திரைக்கும் வார இறுதிக் காட்டுலாவுக்கும் வேற்றுமை இல்லை. ஜீப்பில் வந்தவனுக்கு மறுத்த நிலத்தை உனக்கு மட்டும் ஏன் தரவேண்டும் என்று ஒருவர் கேட்டால், அப்போது நம்மிடம் விடை இராது. ஆதலின் உகந்தையிற் பொலித்தீனைச் சோதித்துத் தடுப்பதை அடியார் சங்கங்களே முன்னின்று செய்தல் வேண்டும். வழியறிந்த ஒருவரின்றி எந்தக் கூட்டமும் உட்புகலாகாது.

திணைக்களத்தாரிடம் வேண்டுவதும் ஒன்றுண்டு. கதிர்காம விழா அமாவாசையையொட்டித் தொடங்கிப் பூரணையில் தீர்த்தத்தோடு நிறைவுறுவது. அதன் நாள் முன்கூட்டியே கணித்தறியத்தக்கது. வழி திறக்கும் நாளையும் மூடும் நாளையும் அதனோடு பொருத்தி, சந்நிதியில் முதல் அடியார் கோலெடுத்துப் புறப்படுமுன்னரே அறிவித்துவிடலாம்.