தைலம் மட்டும் போதுமா?

முழங்கால் வலி என்று வருகிறவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "டாக்டர், எந்தத் தைலம் நல்லது?" என்பதுதான். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்: தைலத்தை மட்டும் நம்பாதீர்கள். உளுந்துத் தைலத்தை இளஞ்சூட்டில் தடவி, நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுத்தால் வலி கொஞ்சம் தணியும், வாஸ்தவம்தான். ஆனால் மூட்டைத் தாங்குவது தொடைச் சதை. வலிக்கிறதே என்று உட்கார்ந்தே இருந்தால் அது இளைத்துப்போய், மூட்டின் பாடு இன்னும் திண்டாட்டம்!

நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டுங்கள். 5 எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்குங்கள். காலுக்கு 10 தடவை, காலையும் மாலையும். டி.வி. சீரியல் பார்த்துக்கொண்டே செய்யலாமே! 2 மாதமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். கனத்த உடம்புக்காரர்கள் 1 கிலோ குறைத்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது. முடக்கத்தான் தோசை சாப்பிடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்காக ஆறு தோசையா?

நீங்களாகவே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். லேபிள் இல்லாத 'மூலிகைப் பொடி'யும் வேண்டாம். ஸ்டீராய்டு கலந்திருந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்? மூட்டு சிவந்து, சூடாக வீங்கி, ஜுரமும் சேர்ந்தால் தேய்க்கவே தேய்க்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.