கருவறைக்குக் காவல் யார்?

ரூபெல்லா அம்மை பெரும்பாலோருக்கு இலேசான காய்ச்சலும் தடிப்பும்தான். ஆனால் கருவுற்ற தாயை முதல் மூன்று மாதங்களில் தாக்கினால், குழந்தை கண்புரையோடும், காது கேளாமலும், இதயக் குறைபாட்டோடும் பிறக்கக்கூடும். கருவிலேயே இறக்கவும் கூடும். 1941-இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் இத்தொடர்பைக் கண்டறிந்தார்.

தடுப்பூசி இருக்கிறது. ஆனால் வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரசால் ஆனது என்பதால் கர்ப்பிணிகளுக்கு அதைப் போடுவதில்லை. எனவே, எதிர்ப்பாற்றல் பெறாமலே கருவுற்ற தாய்க்கு, சுற்றி வாழும் நாமே காவல். ஆண்பிள்ளைகளுக்கும் ஊசி தேவைப்படுவது இதனால்தான். 2017 பிப்ரவரியில் இந்தியா, 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள இருபாலருக்கும் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போடத் தொடங்கியது. முதற்கட்டத்தில் இடம்பெற்ற தமிழகத்தில், வாட்ஸ்அப் வதந்திகளை நம்பிப் பெற்றோர் பலர் தயங்கினர்.

நம்மில் சிலருக்கு வேறொரு தயக்கம். கருக்கலைப்பில் இறந்த சிசுவிடமிருந்து 1960-களில் எடுத்து வளர்க்கப்பட்ட செல்களில் இத்தடுப்பூசி தயாராகிறது. அத்தீமையை நாம் ஏற்பதில்லை. எனினும் வாழ்வுக்கான பாப்பிறைக் கழகம் 2005-இலேயே தெளிவுபடுத்தியது: மாற்று மருந்தை வலியுறுத்திக் கேட்க வேண்டும், அது இல்லாதபோது, குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் காக்க இதைப் பயன்படுத்தலாம்.

கருவில் வளரும் உயிருக்காகக் குரல் கொடுக்கும் நாம், 9 மாதம் முடிந்ததும், மீண்டும் 16 மாதத்துக்குப் பின்னும் நம் பிள்ளைகளுக்குத் தவறாமல் ஊசி போடுகிறோமா? திருமணத்துக்குத் தயாராகும் நம் பெண்கள், தங்களுக்கு எதிர்ப்பாற்றல் உண்டா என்று மருத்துவரிடம் கேட்டறிகிறார்களா? நம் மகனுக்குப் போடும் ஊசி, அடுத்த வீட்டுத் தாயின் கருவையும் காக்கிறது. அயலாரை அன்பு செய்வது என்பது இதுவும்தான்.