கோஸ் வரிசை வீட்டுக்காரர்களின் கதை

சீனர் கோயில் திருவிழாவில் மேடை கட்டி ஆடும் வாயாங்கைப் பார்த்திராத தோட்டத்துப் பிள்ளைகள் உண்டா? நம்முடைய வள்ளி திருமணமும் அப்படித்தான். வசனத்தைவிடப் பாட்டுத்தான் கதையை இழுத்துச் செல்லும். மேல்நாட்டாரும் இப்படி ஒரு கலையை வைத்திருக்கிறார்கள். ஓப்பரா என்று பெயர். அதில் பெரும்பாலும் ராஜாக்களும் பிரபுக்களும் காதலித்துப் பாடுவார்கள். அந்த மேடையில் 1935-ஆம் ஆண்டு ஓர் ஏழைக் குடியிருப்பின் கதை ஏறியது. ‘போர்கி அண்ட் பெஸ்’ என்ற அந்த இசை நாடகத்தின் வரலாறு, நேயர்களே, நாமும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் சார்ல்ஸ்டன் என்று ஒரு துறைமுகப் பட்டணம். அங்கே நம் லயங்களைப் போல் பல குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பழைய கட்டடம் ஒன்று இருந்தது. குடியிருந்தவர்கள் கறுப்பின மக்கள். சன்னலோரத்தில் முட்டைக்கோஸை அடுக்கி விற்பார்களாம். அதனால் ஊரார் அதைக் ‘கோஸ் வரிசை’ என்றே அழைத்தார்கள். அந்த வட்டாரத்துக் கறுப்பின மக்களின் முன்னோர், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு நெல் தோட்டங்களில் உழைத்தவர்கள். தங்களுக்கென்று ஒரு பேச்சும், பாட்டும், வழிபாடும் வைத்திருந்தவர்கள்.

அதே ஊரில் பிறந்த வெள்ளையர் டூபோஸ் ஹேவர்ட். துறைமுகத்தில் பருத்தியைக் கணக்கெடுக்கும் வேலை பார்த்தபோது இம்மக்களைக் கூர்ந்து கவனித்தார். அந்நாளில் கால் ஊனமுற்ற ஒருவர் ஆட்டு வண்டியில் அமர்ந்து ஊரைச் சுற்றி வந்தார். அவரை மனத்தில் வைத்து 1925-இல் ‘போர்கி’ என்ற நாவலை எழுதினார் ஹேவர்ட். பெஸ் என்ற பெண்ணுக்குப் பிச்சைக்காரன் போர்கி புகலிடம் தருகிறான். முரடன் ஒருவனும் போதைப்பொருள் விற்பவன் ஒருவனும் அவள் வாழ்வைக் குலைக்கிறார்கள். இசை நாடகத்தின் கடைசியில் அவள் நியூயார்க்குக்குப் போய்விட, அவளைத் தேடி ஆட்டு வண்டியிலேயே புறப்படுகிறான் போர்கி!

இதற்கு இசையமைத்தவர் ஜார்ஜ் கெர்ஷ்வின். நியூயார்க்கில் உட்கார்ந்தபடியே அவர் மெட்டுப் போட்டுவிடவில்லை. 1934 கோடையில் சார்ல்ஸ்டன் அருகே ஒரு தீவில் போய்த் தங்கினார். கறுப்பின மக்களின் தேவாலயங்களுக்குச் சென்று, அவர்கள் கைதட்டி, கால் தட்டிப் பாடியதைக் கேட்டார், தாமும் சேர்ந்துகொண்டார். நாடகத்தின் முதல் காட்சியிலேயே ஒரு தாய் குழந்தையைத் தாலாட்டுகிறாள். அந்தத் தாலாட்டு இன்று உலகெங்கும் பாடப்படுகிறது. கறுப்பினப் பாத்திரங்களைக் கறுப்பினக் கலைஞர்களே பாட வேண்டும் என்பதிலும் கெர்ஷ்வின் உறுதியாக நின்றார்.

நியூயார்க்கில் 124 முறை நடந்தும் போட்ட முதல் திரும்பவில்லை. 1937-இல் கெர்ஷ்வின் 38 வயதிலேயே காலமானார்.

இனிமேல்தான் கவனிக்க வேண்டிய செய்தி. 1936-இல் இந்நாடகம் வாஷிங்டன் நகருக்குப் போனது. அங்கிருந்த அரங்கில் கறுப்பினத்தார் வெள்ளையரோடு அமர முடியாது. போர்கியாகப் பாடிய டாட் டங்கன், “எங்கள் மக்கள் எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம் என்றால்தான் மேடை ஏறுவோம்” என்ற நிலையில் நின்றார். பெஸ்ஸாகப் பாடிய ஆன் பிரவுனும் விட்டுக்கொடுக்கவில்லை. அரங்கத்தார் இறங்கி வந்தார்கள். இரு இனத்தாரும் ஒன்றாக அமர்ந்து பார்த்தார்கள். ஆனால் நாடகக் குழு கிளம்பியதும் பழைய வழக்கமே திரும்பியது.

சார்ல்ஸ்டனில் என்ன நடந்தது? கதை பிறந்த அந்த ஊரில், இனப் பிரிவினையின் காரணமாக நாடகம் மேடை ஏறவே இல்லை. 1970-இல், நகரம் தன் 300-ஆம் ஆண்டைக் கொண்டாடியபோதுதான் அங்கே முதன்முறையாக நடந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள்! கோஸ் வரிசையில் வாழ்ந்தவர்களில் எத்தனை பேர் தங்கள் கதையைக் கேட்காமலே கண் மூடியிருப்பார்கள்?

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். சூதாட்டமும் போதையும்தானா எங்கள் வாழ்க்கை என்று கறுப்பினத்தார் பலர் வருந்தினார்கள். எழுதியவர்கள் வெள்ளையர்கள். அன்போடு எழுதியிருந்தாலும் வெளியே நின்று பார்த்து எழுதியதுதானே!

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. நம் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன, பல வீட்டு மனைகளாயின. லயமும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இருந்த இடங்களில் இன்று கடைவீதிகள். அந்தக் கதையை யார் சொல்வது? வேறொருவர் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தால், அவர் கண்ணுக்குக் கள்ளுக்கடைச் சண்டை மட்டுமே தெரியலாம். விடியுமுன் எழுந்து நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் போன நம் பாட்டியின் துணிவு தெரியாமல் போகலாம்.

ஆகவே, தாய்மார்களே, ஒரு பள்ளிக்கூடக் கொப்பி போதும். பொங்கலுக்குப் பிள்ளைகள் வீடு வரும்போது பாட்டியின் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்தக் கப்பலில் வந்தார்கள், கங்காணி யார், பிரட்டுக் களத்தில் என்ன நடந்தது, எந்தத் தாலாட்டைப் பாடினார்கள் என்று கேட்டு எழுதட்டும். நாளைக்கு நம் பேரப்பிள்ளைகளில் ஒருவர் அதை நாடகமாக்கலாம். அன்று முன்வரிசையில் நம்மவர்களே அமர்ந்திருக்க வேண்டும்.