குத்தூசி

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் என் தங்கை மகன் கைப்பேசியை என் முன்னால் நீட்டினான். திரையில் மூன்று கம்பெனிகள். மூன்றும் சிவப்பு. "மாமா, வெச்சுக்கட்டுமா, வித்துடட்டுமா, இல்ல இன்னும் கொஞ்சம் வாங்கி ஆவரேஜ் பண்ணட்டுமா?" என்றான்.

கொச்சி காக்கநாட்டில் வேலை பார்க்கிறான். மூன்று வருடச் சேமிப்பு அதில் இருக்கிறது. எல்லாமே சின்னக் கம்பெனிகள். பட்டியலிட்ட கம்பெனிகளைச் சந்தை மதிப்புப்படி வரிசையாக நிறுத்தினால் 251ஆவது இடத்திலிருந்து கீழே உள்ளவை 'ஸ்மால்கேப்' என்று பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2017இல் வரையறுத்தது. இவன் வாங்கியவற்றைத் தேட அந்த வரிசையில் வெகுதூரம் கீழே இறங்க வேண்டும். முதலாவதை 118 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறான். இப்போது 31.

எனக்கு உடனே பதில் வரவில்லை. இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குப் பழசு. அப்பாவிடம் இதற்கு ஒரே பதில்தான் இருந்தது: "பொறு. வெலை வரும்."

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து, யூதத் தெருவை ஒட்டிய மிளகுக் கிடங்கு ஒன்றில் முப்பது வருடம் கணக்கெழுதினார். அந்தத் தெருவில்தான் 1957 முதல் மிளகுக்கு முன்பேர வணிகம் நடந்தது. இந்தியா மிளகு மற்றும் நறுமணப் பொருள் வணிகச் சங்கத்தின் கூடத்தில் தரகர்கள் கையை ஆட்டி விலை கூவுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு அப்பாவைக் கூப்பிடப் போனால் அந்தச் சத்தம் தெருவரைக்கும் கேட்கும்.

அப்பாவின் மேசையில் எப்போதும் ஒரு குத்தூசி கிடக்கும். ஒரு சாண் நீளம், முனை கூரான இரும்புக் குழல். மூட்டையின் வயிற்றில் குத்திச் சரித்தால் மிளகு பொலபொலவென்று உள்ளங்கையில் விழும். அவர் அதைக் கட்டைவிரலால் தேய்ப்பார், ஊதிப் பார்ப்பார், முகர்வார், ஒன்றை எடுத்துக் கடிப்பார். சப்பையா, ஈரமா, பூஞ்சணமா என்பது அதிலேயே தெரிந்துவிடும். பிறகு குத்தூசியின் முனையால் சாக்கை வருடி, விலகிய இழைகளை ஒன்றுசேர்ப்பார். குத்திய இடமே தெரியாது.

பொறுத்திருப்பதையும் அவர் அங்கேதான் கற்றார். விலை விழுந்தால் வியாபாரிகள் கிடங்கைப் பூட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். நன்றாகக் காய்ந்த மிளகு வருடக்கணக்கில் கெடாது. எடை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். 2014இல் கிலோ 700 ரூபாயைத் தொட்ட மிளகு, வியட்நாம் சரக்கு குவியக் குவிய ஐந்தாறு வருடத்தில் பாதிக்கும் கீழே போனது. 2024இல் மறுபடி 600ஐத் தாண்டியது. தாக்குப்பிடித்து வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

அந்தப் பாடத்தை அப்பா பங்குக்கும் கொண்டுவந்தார். 1995இல் தெருவுக்குத் தெரு புதுப் பங்கு வெளியீட்டு விண்ணப்பங்கள் கிடைத்த காலம். பத்து ரூபாய் முகமதிப்பில் ஒரு சின்னக் கம்பெனியில் 500 பங்கு வாங்கினார். எட்டாயிற்று, ஐந்தாயிற்று, ஒன்றரை ஆயிற்று. நண்பர்கள் விற்றார்கள். அப்பா சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இரும்புப் பெட்டியில் வைத்தார். வருடாந்திர அறிக்கை தபாலில் வரும். பிரிக்காமலே பெட்டியில் சேர்ப்பார். ஒரு கட்டத்தில் அதுவும் வருவது நின்றது. அந்தக் காலத்தில் மக்கள் பணத்தைத் திரட்டிக்கொண்டு 'காணாமல் போன கம்பெனிகள்' என்று அரசே 200க்கும் மேற்பட்டவற்றைப் பிற்பாடு பட்டியலிட்டது. 1978இல் தொடங்கிய கொச்சி பங்குச்சந்தையும் 2014இல் விடைபெற்றது. வணிகமெல்லாம் அதற்கு வெகுகாலம் முன்பே மும்பைத் திரைகளுக்குப் போய்விட்டது.

2012 டிசம்பரை நான் மறக்க மாட்டேன். என்.சி.டி.இ.எக்ஸ் என்ற மின்னணு விளைபொருள் சந்தையின் அங்கீகாரம் பெற்ற கொச்சிக் கிடங்குகளில் 6000 டன்னுக்கு மேல் மிளகைச் சீல் வைத்தார்கள். மிளகு பளபளக்க மினரல் ஆயில் பூசியிருக்கிறது என்று புகார். அந்தச் சரக்கு வருடக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. மின்னணுக் கணக்கில் மிளகை வைத்திருந்தவர்கள் விற்கவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல் தவித்தார்கள். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "குத்தூசி போட்டு மோந்து பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்குமே" என்றார். எனக்கு அந்த இரும்புப் பெட்டி ஞாபகம் வந்தது. அவரிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தங்கை மகனிடம் இந்தக் கதையை முழுக்கச் சொன்னேன். மிளகு காத்திருக்கும்போது மிளகாகவே இருக்கும். கம்பெனி அப்படி இருக்காது. நீ வாங்கிய நாளில் இருந்த கம்பெனி வேறு, இன்றைக்கு இருப்பது வேறு. கடன் ஏறியிருக்கும், ஆள் மாறியிருக்கும், தொழிலே மாறியிருக்கும். அதனால் 118ஐ மறந்துவிடு, அது உன் நோட்டுப்புத்தகத்தில் மட்டும் இருக்கும் எண். அறிக்கையைத் திற என்றேன்.

சாயங்காலம் வரை உட்கார்ந்து பார்த்தோம். 118 ரூபாய்க் கம்பெனி மூன்று வருடமாக லாபம் காட்டுகிறது. ஆனால் தொழிலிலிருந்து கைக்கு வந்த ரொக்கம் மூன்று வருடமும் மைனஸ். விற்ற சரக்குக்கு வரவேண்டிய பாக்கி மட்டும் வருடா வருடம் வீங்குகிறது. புரமோட்டர் தன் பங்கில் பாதிக்கு மேல் அடகு வைத்திருக்கிறார். தணிக்கையாளர் வருடத்தின் நடுவிலேயே விலகியிருக்கிறார். இவ்வளவும் அவன் கைப்பேசியிலேயே இலவசமாகக் கிடைக்கிற தகவல். 31லிருந்து 118க்குத் திரும்ப வேண்டுமானால் பங்கு கிட்டத்தட்ட நான்கு மடங்காக வேண்டும். எதை நம்பி?

இரண்டாவது, ரப்பர் பொருள் செய்கிற கம்பெனி. கச்சா ரப்பர் விலை ஏறியதில் லாபம் தேய்ந்திருக்கிறது. கடன் இல்லை, ஆலை முழு அளவில் ஓடுகிறது, ரொக்கம் வருகிறது. இதை வைத்துக்கொள் என்றேன். இப்படிப்பட்டவைதான் பொறுமைக்குக் கூலி கொடுக்கும். நம்மூர் வி-கார்டு 2008இல் 82 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. அந்த வருடச் சரிவில் அதுவும் அந்த விலைக்குக் கீழே போனது. ஆனால் கேரளத்தில் வீட்டுக்கு வீடு அதன் ஸ்டெபிலைசர் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தவர்களுக்கு விற்கக் காரணம் இல்லை.

மூன்றாவதில்தான் அவனுக்கு ஆவரேஜ் ஆசை. அதன் பொருளுக்கு யார் வாடிக்கையாளர் என்று கேட்டேன். தெரியவில்லை. அப்படியானால் ஒரு பங்குகூட வேண்டாம் என்றேன். விலை இறங்கியது என்ற ஒன்றுக்காகவே மேலும் மேலும் வாங்கினால், இருக்கும் பணத்தில் பெரும்பகுதி மோசமான கம்பெனியில் போய்ச் சேரும். நான் கண்ணால் பார்த்த பெரிய நஷ்டங்கள் எல்லாம் இப்படித்தான் சின்னதாகத் தொடங்கின.

"வித்தா நஷ்டம் உறுதியாயிடுமே மாமா" என்றான் கடைசியாக. அவனை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. லாபத்தில் இருப்பதை அவசரமாக விற்பதும் நஷ்டத்தில் இருப்பதைக் கட்டிப்பிடித்துக்கொள்வதும் மனித சுபாவம் என்று ஷெஃப்ரின், ஸ்டாட்மன் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1985லேயே எழுதிவிட்டார்கள். நஷ்டம் ஏற்கெனவே நடந்துவிட்டது. விற்றால் வருமான வரிக் கணக்கில் அதை மூலதன ஆதாயத்துக்கு எதிராகக் கழிக்கலாம். கணக்கைக் குறித்த தேதிக்குள் தாக்கல் செய்தால் மீதியை எட்டு வருடம்வரை அடுத்தடுத்த வருடங்களுக்குக் கொண்டுபோகலாம். பெட்டியில் பூட்டிவைத்த நஷ்டத்துக்கு அந்தச் சலுகைகூடக் கிடையாது.

திங்கட்கிழமை காலை 9.15க்கு, பேருந்தில் போகிறபோதே விற்பனை ஆர்டர் போட்டிருக்கிறான். 118 ரூபாய்க் கம்பெனியின் 600 பங்கு. முந்தின ராத்திரிதான் அந்தக் கம்பெனி காலாண்டு முடிவை வெளியிட்டிருந்தது. சந்தை திறந்த சில நிமிடத்தில் பங்கு லோயர் சர்க்யூட்டில், அதாவது ஒரு நாளில் விலை இறங்க அனுமதித்த எல்லையில், போய் நின்றுவிட்டது. விற்க லட்சக்கணக்கில் வரிசை, வாங்க ஆளில்லை. மூன்றரை மணிக்கு என்னைக் கூப்பிட்டான்.

"மாமா, நாப்பத்தஞ்சு போயிருக்கு."

"மீதி?"

"நாளைக்குக் காலைல மறுபடி போடறேன்."